பெருந்தெரு ஓரத்து மாட்டுக்கடை

அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்று, தட்டில் உருண்டை உருண்டையாக இருந்த அரைத்த இறைச்சியைக் காட்டி, இது என்ன என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை. ஆட்டிறைச்சி என்று யாராவது ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் மனம் ஆறுதலாக இருக்கும் என்ற ஆசையில் கேட்டேன்.

இரும்புக் கல்லைத் தட்டகப்பையால் சுரண்டிக்கொண்டிருந்த கடைக்காரப் பெண்மணி திரும்பிப் பார்த்தார். "மாடு," என்றார். "ஏன் மாஸ்டர், வேற பேர் வைக்கட்டோ?"

நான் யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்தவன். ஜேர்மனிக்கு வந்தபின் முதன்முதலாக என்னை மாஸ்டர் என்று கூப்பிட்டவர் அவர்தான். அகதி விடுதியில் நான் ஒரு அறை எண்ணாக இருந்தேன். அந்தச் சொல் ஒன்றுக்காகவே அவரிடம் நன்றியோடு இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கடை டார்ம்ஸ்டாட்டுக்குத் தெற்கே பெருந்தெருவின் ஓரத்தில், ஒரு பெற்றோல் நிலையத்துக்கும் ஸ்பார்கல் என்கிற தண்டு மரக்கறி விளைகிற வயலுக்கும் நடுவில் இருந்தது. இப்போது அங்கே கார் கழுவுகிறார்கள். வெள்ளை ஓடு பதித்த சுவர். தெருப்பக்கம் முழுவதும் கண்ணாடி. கூரையில் சிவப்பு நிறத்தில் ஒரு மாட்டின் படம். அது கொழுகொழுவென்று, யாரையோ வரவேற்பதுபோல் தலையைச் சாய்த்துக்கொண்டிருக்கும்.

கடையைத் தொடங்கியவர் ஒரு ஜேர்மன்காரர். போர் முடிந்த காலத்தில், பக்கத்திலிருந்த அமெரிக்கப் படைமுகாமின் சமையலறையில் சட்டி கழுவியவராம். ஹம்பர்கர் சுடுவதை அங்கேதான் கற்றுக்கொண்டார். வளர்ந்ததும் முகாமிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடை போட்டார். ஆரம்பத்தில் ஊர்க்காரர்கள் வெங்காயமும் இறைச்சியும் ஒழுகும் பணிஸ் ரொட்டியைக் கையால் எடுத்துச் சாப்பிட வெட்கப்பட்டு, கத்தியும் முள்ளுக்கரண்டியும் கேட்பார்களாம். அவர் கொடுப்பாராம். பக்கத்து மேசையிலிருக்கிற சிப்பாய்கள் சிரிப்பார்களாம். பிறகு அந்த ஊர்க்காரர்களின் பிள்ளைகள் அதே மேசைகளில் கையால் சாப்பிட்டுக் காதலித்துக் கலியாணமும் கட்டினார்கள்.

நம்மவர் அங்கே கோப்பை கழுவ வந்தவர். கிழவரின் முழங்கால் தேய்ந்து, சொந்தப் பிள்ளைகளும் கடை வேண்டாமென்றபோது, குத்தகைக்குத் தாருங்கள் என்று இவரே போய்க் கேட்டார். கிழவர் அவரைக் கல்லுக்கு முன்னால் நிறுத்தி ஒன்று சுடச் சொன்னாராம். சீவின வெங்காயத்தை உருண்டையின்மேல் வைத்து, தட்டகப்பையால் ஒரே ஒரு தரம் அழுத்த வேண்டும். இரண்டாந்தரம் அழுத்தினால் சாறு போய்விடும். இவர் ஒருதரம் அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிட்டார். கடை கை மாறியது.

அதன்பிறகும் கிழவர் இடையிடையே ஊன்றுகோலோடு வந்து ஒன்று வாங்கிச் சாப்பிடுவார். ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். "ஒண்டும் சொல்லேல்லை எண்டா நல்லாயிருக்கு எண்டு அர்த்தம்," என்பார் இவர்.

குள்ளமான பெண். தலைமயிரை வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டியிருப்பார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. புருசன் மாரடைப்பில் போனபிறகும் அதை அவர் எடுக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வீட்டில் ஒரு பெண் அதைப்பற்றி இழுத்தபோது, "பொட்டு எனக்கு அம்மா வைச்சது. அவர் வரமுதலே இருந்தது," என்று சொல்லிவிட்டு, இலையில் சோறு போடப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமைகளில் மரக்கறிதான் சாப்பிடுவார். அன்றைக்கு உப்புப் பார்க்கிற வேலை என்னுடையது. ஒருதரம் கேட்டேன், விரதத்தோடு நின்று மாடு சுடுவது ஒருமாதிரி இல்லையா என்று. வெள்ளிக்கிழமை மரக்கறி தனக்குத்தான் என்றும், கடைக்கு இல்லை என்றும் சொன்னார். மற்ற நாட்களில் தான் சுட்டதைத் தானும் சாப்பிடுவார். அதையும் மறைத்ததில்லை. கலியாண வீடொன்றில், விற்கிறாயே தவிர நீ தின்னமாட்டாய்தானே என்று ஒருவர் பரிந்துபேச வந்தபோது, தின்னாமல் உப்பு எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்டார்.

நான் அப்படியல்ல. ஊருக்கு எழுதும்போது சாப்பாட்டுக்கடையில் வேலை என்று எழுதினேன். மனைவி வந்து சேர்ந்ததும், கட்லட் சுடுகிற இடம் என்றேன். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. இங்கே எல்லோர் வீட்டிலும் இந்தக் கேளாமை இருந்தது. பின்னாளில் எங்கள் கோயில் சபைத் தலைவரான மனிதர் சொசேஜ் தொழிற்சாலையில் வேலை செய்தார். இன்னொருவர் பீட்சாக் கடையில் பன்றி இறைச்சி சீவினார். நாங்கள் அதை 'வேலை' என்று மட்டும் சொன்னோம். எங்கள் கடையில் வந்து நின்றுகொண்டு, இந்தத் தொழிலை விடக்கூடாதா என்று புத்தி சொன்ன அந்தப் பீட்சாக் கடை ஆளிடம் இவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"நானும் சுடுறன், நீங்களும் வெட்டுறியள். என்ர கூரையில படம் கிடக்கு. உங்கட கூரையில இல்லை. அவ்வளவுதான் அண்ணை."

மாட்டுக்குப் பைத்தியம் பிடிக்கிற நோய் பற்றிய செய்தி தொலைக்காட்சியை நிரப்பிய குளிர்காலம் ஒன்று வந்தது. ஜேர்மன் மாடுகளிலும் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றதும் சனம் ஒரேயடியாக விலகிவிட்டது. தெரு நெடுக இருந்த கடைகள் வான்கோழிக்கும் கோழிக்கும் மாறின. நான் படித்தவன் என்ற முறையில் ஆலோசனை சொன்னேன். கொஞ்ச நாளைக்குக் கோழிக்கு மாறுவோம், கூரை மாட்டை ஒரு துணியால் மூடுவோம், பயம் தெளிந்ததும் எடுத்துவிடலாம்.

அவர் பெற்றோல் நிலையத்தில் ஏணி இரவல் வாங்கிவந்தார். துணி கட்டத்தான் ஏறுகிறார் என்று நினைத்து ஏணியைப் பிடித்தேன். மேலே போய், வெயிலில் வெளிறியிருந்த மாட்டுக்குப் புதிதாகச் சிவப்பு அடித்தார். பெயின்ற் என் தலையில் சொட்டியது.

"பயந்தவை வரவேண்டாம், மாஸ்டர்," என்றார் மேலேயிருந்து. "பயம் போனாப்பிறகு வருவினம். வரேக்க கடை இஞ்ச நிக்கவேணும்."

துணிச்சலுக்காக மட்டும் அப்படிச் செய்யவில்லை. பக்கத்துக் கிராமத்தில் மாடு வளர்க்கிற ஒருவரிடம் போய், தொழுவத்தைப் பார்த்து, தீவனத்தை விசாரித்து, அவரிடம் மட்டும் இறைச்சி எடுக்க ஒழுங்கு செய்துவிட்டு வந்துதான் ஏணியில் ஏறினார். சாப்பிட வந்தவர்கள் லொறிச் சாரதிகளும் சிப்பாய்களும் மட்டும்தான். நாள் முழுவதும் கல் சூடேறிக் கிடக்கும். அவர் அதைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்குவார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் நான் அவரை விட்டுப் போனேன். பொதிகள் தரம்பிரிக்கிற களஞ்சியம் ஒன்றில் வேலை கிடைத்தது. கடை கவிழ்ந்துவிடும் என்று பயந்தேன். அதுதான் காரணம், வேறொன்றுமில்லை. அவர் கோபிக்கவில்லை. குடும்பக்காரன் நிலையான இடத்துக்குப் போகத்தான் வேணும் என்றார். கடைசி நாளன்று என் மனைவிக்கென்று ஒரு பை நிறைய வெங்காயம் தந்துவிட்டார்.

ஆனால் வெளியில் நான் வேறு கதை சொன்னேன். "மனம் ஒப்பேல்லை, மாட்டுக்கடை எண்டதால விட்டிட்டன்," என்றேன். முதலில் ஒருவரிடம் தற்செயலாகத்தான் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி எனக்கு இதமாக இருந்தது. பிறகு எல்லோரிடமும் சொன்னேன். கொள்கைக்காக வேலையை எறிந்த மனிதன் என்று பெயர் வந்தது. பழைய கம்பளக் களஞ்சியமொன்றை வாடகைக்கு எடுத்துக் கோயில் தொடங்கியபோது, என்னைச் செயலாளராக்கினார்கள்.

இந்தக் கதை அவர் காதுக்குப் போகாமல் இருந்திருக்காது. கடைக்குப் போய்க் கேட்டவர்களும் உண்டு. மாஸ்டர் ஏன் போனவர் என்று மாஸ்டரைத்தான் கேட்கவேணும் என்று சொல்லி அனுப்பினாராம். தன்னுடைய எதையும் மறைக்காதவர், என்னுடையதை மட்டும் மூடிவைத்தார்.

நோய்ப் பயம் போனது. சொன்னபடியே சனம் திரும்பி வந்தது. பிறகு ஈராக் போர் வந்து சிப்பாய்களைக் கொண்டுபோனது. நெடுஞ்சாலை வாசலில் விளையாட்டுச் சாமான் கொடுக்கிற பெரிய ஹம்பர்கர் கடை ஒன்று முளைத்தது. படைமுகாமையே மூடப்போகிறார்கள் என்று கதை பரவியது. ஒவ்வொரு முறையும், இந்த வருசத்தோடு மாட்டுக்கடை சரி என்று எங்கள் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். நானும் பேசினேன். ஒவ்வொரு வசந்தத்திலும் ஏணி வந்தது. கூரையில் மாடு சிவந்தது.

கோயிலும் அதே பெருந்தெருவில்தான் இருந்தது. கோடையில் ஒரு சனிக்கிழமை தேர். நகரசபை அனுமதியோடு, பொலீஸ் வாகனம் முன்னே போக, தெருவில் கொஞ்சத் தூரம் இழுத்துப்போய், மாட்டுக்கடைக்கு அப்பால் இருந்த சுற்றுவட்டத்தில் திருப்பிக்கொண்டு வருவோம். சாமி தெருவில் வந்தால் எங்கள் வழக்கம் தெரியும்தானே. வாசலில் மேசை போட்டு, வெள்ளை விரித்து, நிறைகுடம் வைப்பார்கள். மாவிலை கிடைக்காத இடத்தில் செரிமரத்து இலை. தேர் அந்தந்த வாசலில் நிற்கும். நான் ஒலிவாங்கியில் வீட்டுக்காரரின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்வேன். ஐயர் அர்ச்சனை செய்து தேங்காய் உடைப்பார். தமிழ்ப் பலசரக்குக் கடை வைத்தது, வாகனம் திருத்துகிற ஒருவர் வைத்தார், அடுத்ததாக மாட்டுக்கடை வாசலிலும் ஒரு நிறைகுடம் வைக்கப்போவதாக அவர் சொல்லி அனுப்பினார்.

சபை கூடியது. மாடு சுடுகிற வாசலில் சாமியை நிறுத்துவது எப்படி என்றார் தலைவர். முதல்நாள்வரை சொசேஜ் அடைத்த கையை மேசையில் வைத்துக்கொண்டுதான் சொன்னார். நான் அதைக் கவனித்துக்கொண்டே அவர் சொன்னதைக் கூட்டக் குறிப்பில் எழுதினேன். கடைசியில் ஒரு முடிவு: அன்றைக்கு மட்டும் கடையைப் பூட்டி, கூரை மாட்டைத் துணியால் மூடினால் தேர் நிற்கும். அதைப் போய்ச் சொல்கிற பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். நியாயமான ஏற்பாடு என்று உண்மையிலேயே நம்பினேன்.

அவர் எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். சொன்னதை முழுவதும் கேட்டார்.

"பூட்டிப்போட்டு நிண்டா, அது என்ர வாசல் இல்லை மாஸ்டர். ஆரோ ஒராளின்ர பூட்டின கடை."

அப்படியென்றால் தேர் நிற்காது என்றேன்.

"நிப்பாட்டுறதும் விடுறதும் உங்கட வேலை. வைக்கிறது என்ர வேலை. நான் வைப்பன்."

வைத்தார். தேர் நிற்காமல் போனது. ஏப்ரனோடு வாசலில் நின்று கும்பிட்டார். சுற்றுவட்டத்தில் திரும்பி வரும்போதும் அதே இடத்தில் நின்று கும்பிட்டார். பிறகு தேங்காயைத் தானே உடைத்துவிட்டு உள்ளே போனார்.

அடுத்த வருசமும் வைத்தார். அந்த முறை பாதுகாப்புக்கு வந்த பொலீஸ்காரர், அந்தக் கடையில் வழக்கமாகச் சாப்பிடுகிறவர். மேசையைக் கண்டதும் தானாகவே வாகனத்தை நிறுத்திவிட்டார். பின்னால் தேரும் நிற்கப்பார்த்தது. நான் ஓடிப்போய், போகலாம் என்று சைகை காட்டினேன். மற்ற மேசைகளுக்கெல்லாம் நின்றீர்களே, இதற்கு ஏன் இல்லை என்று பொலீஸ்காரர் ஜேர்மன் மொழியில் கேட்டார். ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் மொழிபெயர்ப்பவன் நான். உண்மையை அந்த மனிதருக்கு எப்படிச் சொல்வது? அவர் கையில் அந்தக் கடைப் பணிஸைப் பலதரம் பார்த்திருக்கிறேன். நேரமில்லை என்றேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, தெருவைப் பின்னேரம்வரை பூட்டியிருக்கிறோம், ஆறுதலாக நில்லுங்கள் என்றார். நான் மறுபடியும், நேரமில்லை என்றேன்.

எல்லாவற்றையும் கடைக்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஆருக்கு நேரமில்லை, மாஸ்டர்? சாமிக்கோ, உங்களுக்கோ?"

வடம் பிடித்திருந்தவர்களில் ஓரிருவர் சிரித்தார்கள். அவர்களில் பாதிப்பேர் மாலையில் அவரிடம் சாப்பிடுகிறவர்கள். அந்தச் சிரிப்பு எனக்குள் ஒரு வருசம் கிடந்தது. ஒருநாள் அந்தக் கடைவாசலில் யாராவது என்னைப்பற்றிய உண்மையையும் போட்டு உடைத்துவிடுவார்கள் என்ற பயமும் அதோடு வளர்ந்தது. மூன்றாம் வருசம் தேரோடும் பாதையைக் குறுக்கினேன். வாகன நெரிசல் என்று சபைக்குச் சொன்னேன். மாட்டுக்கடைக்கு இந்தப் பக்கமாக இருந்த சுப்பர்மார்க்கட்டின் வாகனத் தரிப்பிடத்தில் திருப்பலாம் என்று ஏற்பாடு செய்தேன். என் பொய்யைக் காப்பாற்றச் சாமியின் தெருவை வெட்டிக் கட்டையாக்கினேன் என்று இப்போது எழுத முடிகிறது. அப்போது அதற்கு நிர்வாகம் என்று பெயர்.

தேரன்று தரிப்பிடத்துக்குள் திரும்பியதும் முதலில் வெங்காயம் பொரிகிற மணம் வந்தது. பிறகு கண்டேன். நகர விழாக்களுக்குக் கொண்டுபோகிற இழுவை வண்டிக் கடையை அவர் அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். சுப்பர்மார்க்கட் முகாமையாளரைக் கேட்டு, ஒரு மூலையை முறையாக வாங்கியிருந்தார். வண்டியின் நெற்றியில் கூரை மாட்டைப்போலவே ஒரு சிவப்பு மாடு. கீழே மேசை, வெள்ளை விரிப்பு, நிறைகுடம், குத்துவிளக்கு. மேலே கல்லில் இறைச்சி சீறிக்கொண்டிருந்தது. ஜேர்மன்காரர்கள் சிலர் வரிசையில் நின்றார்கள்.

தேரை நிறுத்தாமல் திருப்ப முடியாது. சில்லுக்குக் கட்டை கொடுத்து, வடத்தை மறுபக்கம் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். அதற்கு இடமிருந்தது அந்த மூலைக்கு நேரேதான். நான் முன்னால் ஓடினேன்.

"பிள்ளை, இண்டைக்கெண்டாலும் அடுப்பை நிப்பாட்டக்கூடாதோ?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. வந்துகொண்டிருந்த தேரைப் பார்த்தார்.

"நிப்பாட்டினா, வாசலில ஆர் நிக்கிறதெண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்?"

தேர் வந்து நின்றது. கட்டை கொடுத்தார்கள். மேலேயிருந்த ஐயர் இளைஞர், ஊரிலிருந்து வந்து அதிக காலமில்லை. நிறைகுடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆற்ற பேருக்கு, மாஸ்டர்?"

ஒலிவாங்கி என் கையில் இருந்தது. அவருடைய பெயரும் நட்சத்திரமும் எனக்கு மனப்பாடம். ஒன்றாக வேலை செய்த காலத்தில், அவர் கடையை விட்டு அசைய முடியாத நாட்களில், நான் தூரத்துக் கோயிலுக்குப் போகும்போது அவருக்காக நானே அர்ச்சனை செய்வித்து வந்து, விபூதியைக் கடதாசியில் மடித்துக் கொடுத்திருக்கிறேன். நெற்றியில் பூசிக்கொண்டு கல்லுக்குத் திரும்புவார்.

"ஒருத்தற்றையும் இல்லை ஐயா," என்றேன். "திருப்பச் சொல்லுங்கோ."

ஒலிபெருக்கி அதைத் தரிப்பிடம் முழுவதற்கும் சொன்னது.

அவர் தட்டகப்பையைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கி வந்து நிறைகுடத்துக்குப் பக்கத்தில் நின்றார். ஒலிவாங்கி இல்லாமலே, பெருந்தெருவுக்கு அந்தப்பக்கமும் கேட்கிற குரலில், தன் பெயரைச் சொன்னார். நட்சத்திரத்தைச் சொன்னார். "மாட்டுக்கடை வைச்சிருக்கிறன்," என்றும் சொன்னார், அர்ச்சனைக்கு அதுவும் வேண்டும் என்பதுபோல.

தலைவர் ஐயரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். வடம் பிடித்தவர்கள் கட்டுவதை நிறுத்திவிட்டு நின்றார்கள். ஒருவர், பிறகு இன்னொருவர் என்று, வடத்தை நிலத்தில் வைத்தார்கள். ஐயர் இன்னொருதரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெயரைத் திருத்தமாக, நட்சத்திரத்தோடு உச்சரித்து அர்ச்சனையைத் தொடங்கினார். தேங்காய் உடைந்தது. கடைக்காரர் கற்பூரச் சுடரை இரு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு வண்டியில் ஏறிப்போய்த் தட்டகப்பையை எடுத்து, காத்திருந்த மனிதரிடம் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, உருண்டையை ஒருதரம் அழுத்தினார்.

அவர் பெயரை நான் இதில் ஓரிடத்திலும் எழுதவில்லை. கையில் ஒலிவாங்கியோடு நின்ற அன்று சொல்லாத பெயரை, யாருமில்லாத அறையிலிருந்து தாளில் எழுதி நல்லவனாக எனக்கு விருப்பமில்லை. அதை அவரே சொல்லிவிட்டார். வடத்தைக் கீழே வைத்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.